முகமும் பெயரும்: சுனில் குப்தாவின் தில்லி ஒளிப்படங்களில் தன்பாலீர்ப்பாளர் வாழ்வின் ஆவணமாக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தில்லியில் பிறந்த ஒளிப்படக் கலைஞர் சுனில் குப்தா, தாம் சார்ந்த தன்பாலீர்ப்பாளர் சமூகத்தை 1970கள் முதல் படமாக்கி வருகிறார். அவருடைய முதல் தில்லித் தொடரில் முகங்கள் மறைந்துள்ளன. இருபதாண்டுகளுக்குப் பிந்தைய தொடரில் மனிதர்கள் கருவியை நேராக நோக்குகின்றனர். இம்மாற்றத்தைத் தமிழ் அகமரபின் ‘பெயர் சுட்டாமை’ என்னும் கருத்தின் துணையோடு இக்கட்டுரை விளக்குகிறது. முகத்தைக் காட்டுவதா, மறைப்பதா என்பதைவிட, அதை முடிவு செய்யும் உரிமை யாரிடம் உள்ளது என்பதே இவ்வகை ஆவணமாக்கத்தின் அடிப்படை வினா என்பதைக் கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: சுனில் குப்தா, ஒளிப்படம், தன்பாலீர்ப்பு, பால்புதுமையர், பிரிவு 377, பெயர் சுட்டாமை, ஆவணமாக்கம்

முன்னுரை

ஒரு சமூகம் தன் வாழ்வைப் பதிவு செய்துகொள்ளும் வழிகளுள் ஒளிப்படம் தனித்தன்மை உடையது. எழுத்தில் புனைபெயர் கொள்ளலாம், ஊரை மாற்றலாம், நிகழ்வை வேறொருவர்மேல் ஏற்றிச் சொல்லலாம். ஒளிப்படத்தில் முகம் பதிந்துவிட்டால் ஆளும் பதிந்துவிடுகிறார். சட்டத்தாலும் குடும்பத்தாலும் அச்சுறுத்தப்பட்டு வாழ்ந்த ஒரு சமூகத்திற்கு இப்பண்பு இருமுனை உடையது. படம் இல்லையெனில் அச்சமூகம் இருந்ததற்கான சான்று இல்லை. படம் இருப்பின், அதில் இடம்பெற்றோருக்கு எதிரான சான்றாகவும் அது பயன்படலாம். இச்சிக்கலைத் தம் படைப்பின் மையமாக்கிக் கொண்டவர் சுனில் குப்தா.

1953இல் புது தில்லியில் பிறந்த இவர், 1969இல் குடும்பத்துடன் கனடாவின் மாண்ட்ரியல் நகருக்குக் குடிபெயர்ந்தார். 1976இல் நியூயார்க்கில் லிசெட் மாடல் என்னும் கலைஞரிடம் ஒளிப்படம் பயின்றார். பின்னர் இலண்டன் இராயல் கலைக் கல்லூரியில் முதுகலை முடித்தார். தம்மைத் தன்பாலீர்ப்பாளர் என வெளிப்படையாக அறிவித்துக்கொண்டவர் என்பதால், இவருடைய படங்களை வெளியிலிருந்து நோக்குபவரின் பதிவுகளாகக் கொள்ள இயலாது.

பெயர் சுட்டாமை: ஒரு கருத்துக்கருவி

ஒத்த அன்பினைப் பாடும் ஐந்திணையில் எவருடைய இயற்பெயரும் சுட்டப்படலாகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியல் வகுக்கும் நெறி. பெயர் வந்துவிட்டால் பாடல் புறத்தின்பாற்படும். பெயர் மட்டுமன்று, ஒருவரை அடையாளம் காட்டும் குறிப்பும் இவ்விளைவைத் தரும் என்பதற்கு நெடுநல்வாடை பற்றிய உரையாசிரியர் கருத்துச் சான்றாகும். அப்பாட்டில் அரசன் பெயர் எங்கும் இல்லை. ஆயினும் வேலில் கட்டிய வேம்பு பாண்டியனுக்குரிய அடையாளப் பூ என்பதால், அதனைப் புறம் எனக் கொண்டார் நச்சினார்க்கினியர்.

இந்நெறி ஒளிப்படத்திற்காக வகுக்கப்பட்டதன்று. ஆயினும் இரு உண்மைகளை இது தெளிவாக்குகிறது. முதலாவது, முகத்தை மறைப்பதனால் மட்டும் ஒருவர் அடையாளம் இழந்துவிடுவதில்லை. ஆடை, அணி, நிற்கும் இடம் ஆகியனவும் ‘வேம்பு’ ஆகக்கூடும். இரண்டாவது, பெயரின்மை எல்லா இடத்தும் ஒரே பொருள் தருவதில்லை. அகப்பாடலின் பெயரின்மை, ஒருவரின் அன்பை எல்லோர்க்கும் உரியதாக்குகிறது. சட்டத்திற்கு அஞ்சிய பெயரின்மையோ ஒருவரைத் தம் போன்ற பிறரிடமிருந்தும் பிரித்துத் தனிமைப்படுத்துகிறது.

நியூயார்க்கும் தில்லியும்

குப்தாவின் தொடக்ககாலத் தொடர்களுள் குறிப்பிடத்தக்கது 1976இல் எடுக்கப்பட்ட ‘கிறிஸ்டோபர் ஸ்ட்ரீட்’. தன்பாலீர்ப்பாளர் உரிமைப் போராட்டத்தின் திருப்புமுனையான 1969ஆம் ஆண்டு ஸ்டோன்வால் எழுச்சி நிகழ்ந்த தெரு அது. அங்குப் பட்டப்பகலில் நடந்து செல்லும் ஆண்களைக் கறுப்பு வெள்ளையில் அவர் படமாக்கினார். தெருவே அச்சமூகத்தின் பொதுவிடமாக இருந்தமையால், படம் எடுத்தலும் அத்தெருவாழ்வின் பகுதியாக அமைந்தது.

தில்லியில் நிலை வேறு. ஆங்கிலேய ஆட்சி இயற்றிய 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 377, ‘இயற்கைக்கு மாறான’ உடலுறவை ஆயுள் தண்டனை வரை விதிக்கத்தக்க குற்றமாக்கியிருந்தது. ஆண்கள் ஒருவரையொருவர் சந்திக்கப் பூங்காக்களையும் பழஞ்சின்னங்களின் சுற்றுப்புறங்களையும் நாடினர். தெரு அங்கும் இருந்தது. ஆனால் அது ஒருவரைத் தன்பாலீர்ப்பாளராக அடையாளம் காட்டிக்கொள்ளத்தக்க தெருவாக இல்லை.

‘எக்ஸைல்ஸ்’: மறைந்த முகமும் ஒலிக்கும் சொல்லும்

இச்சூழலில் உருவானது ‘எக்ஸைல்ஸ்’ (நாடு கடத்தப்பட்டோர்) என்னும் வண்ணப்படத் தொடர். இலண்டன் ஃபோட்டோகிராஃபர்ஸ் கேலரியின் பணிப்பேற்பாக 1980களின் நடுவில் இது எடுக்கப்பட்டது. தாம் கற்ற மேலைக் கலை வரலாற்றில் இந்தியத் தன்பாலீர்ப்பு ஆண்களின் உருவம் இல்லை என்பதே இதற்கான தூண்டுதல் எனக் குப்தா விளக்கியுள்ளார்.

இத்தொடரில் இந்தியா கேட், ஹுமாயூன் கல்லறை, ஹௌஸ் காஸ் முதலிய புகழ்பெற்ற இடங்கள் பின்புலமாகின்றன. முன்னிற்கும் ஆண்கள் பலரின் முகம் திரும்பியோ, சட்டகத்திற்கு வெளியேயோ, நிழலிலோ உள்ளது. ஒவ்வொரு படத்துடனும் சில வரிகள் இணைகின்றன. இவை அந்நகரத்துத் தன்பாலீர்ப்பு ஆண்களுடன் நிகழ்த்திய உரையாடல்களிலிருந்து பெறப்பட்டவை. திருமணக் கட்டாயம், குடும்பம், தனிமை, விருப்பம் ஆகியன அவற்றின் பொருள். முகம் தர இயலாததைச் சொல் ஈடுசெய்கிறது.

இப்படங்கள் நிகழ்ந்ததை மறைந்திருந்து பிடித்தவையல்ல. இசைந்து முன்வந்தோரை உரிய இடத்தில் நிறுத்தித் திட்டமிட்டு அமைத்தவை. அமைக்கப்பட்ட காட்சி ஆவணமாகுமா என்னும் வினா இங்கு எழுவது இயல்பு. ஆனால் அறியாதோரை மறைந்திருந்து படமெடுத்தல், அவர்கள் அஞ்சிய காவலரின் வேலையையே கலைஞர் செய்வதாகிவிடும். ஆகவே இங்குக் காட்சியை அமைத்தல் உண்மையைத் திரிப்பதற்கன்று, மனிதரைக் காப்பதற்கே.

பின்புலத் தேர்வும் கருதத்தக்கது. இந்தியாவின் தொடக்ககால ஒளிப்படங்களில் பழஞ்சின்னங்களே தலைமை பெற்றன. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராயிருந்த லின்னியஸ் டிரைப் 1858இல் வெளியிட்ட திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் படத்தொகுதிகள் இதற்கு எடுத்துக்காட்டு. அவற்றில் கோபுரமும் மண்டபமும் பேசுபொருள்; மனிதர் அருகியே தோன்றுவர். குப்தாவின் தொடரில் அதே வகைச் சின்னங்கள், அவற்றைத் தம் சந்திப்பிடமாகக் கொண்ட மனிதருக்குப் பின்புலமாகின்றன. நாட்டின் பெருமையாகக் காட்டப்படும் இடத்திலேயே அந்நாட்டின் சட்டத்திற்கு அஞ்சி நிற்பவரைக் காண்கையில், ‘நாடு கடத்தப்பட்டோர்’ என்னும் தலைப்பு முழுப்பொருள் பெறுகிறது.

‘மிஸ்டர் மல்ஹோத்ராஸ் பார்ட்டி’: பொய்ப்பெயரிலிருந்து தற்பெயருக்கு

2000களின் நடுப்பகுதியில் குப்தா தில்லி திரும்பி வாழத் தொடங்கினார். 2007 முதல் எடுத்த ‘மிஸ்டர் மல்ஹோத்ராஸ் பார்ட்டி’ தொடரின் தலைப்பு ஒரு நடைமுறையிலிருந்து பிறந்தது. விடுதிகளில் தன்பாலீர்ப்பாளர்க்கான மாலைநிகழ்வுகள் நடைபெறும்போது, சட்டத்தின் பார்வையைத் தவிர்க்க, இல்லாத ஒருவரின் தனிப்பட்ட விருந்து என வாயிலில் அறிவிப்பது வழக்கம். மல்ஹோத்ரா என்பது நாட்டுப் பிரிவினைக்குப் பின் தில்லியில் பெருகிய பஞ்சாபியரிடையே பரவலான குடும்பப்பெயர். யாரையும் குறிக்கக்கூடிய அப்பெயர், உள்ளிருந்தோர் அனைவருக்கும் திரையாயிற்று.

திரையின் பெயரைத் தலைப்பாக்கிய குப்தா, படங்களில் திரையை விலக்கினார். இதில் இடம்பெற்றோர் நகரத் தெருக்களில் நின்று கருவியை நேராக நோக்குகின்றனர். தம்மை அடையாளம் காட்ட இசைந்தவர்கள். ‘எக்ஸைல்ஸ்’ தொடரில் இடத்தின் பெயர் முன்னின்றது. இங்கு மனிதர் முன்னிற்கின்றனர். அகப்பாடலில் பெயர் வந்தால் அது புறமாதல் போல, இத்தொடரில் காதலும் விருப்பமும் குடிமை உரிமையின் களத்திற்கு வந்து சேர்கின்றன.

வெளிப்படுதலின் விலை

இம்மாற்றத்தை இருளிலிருந்து ஒளிக்கு வந்த நேர்ப்பாதையாகக் காண்பது எளிது. ஆனால் அது பிழையாகும். 2009 ஜூலை 2 அன்று தில்லி உயர்நீதிமன்றம், வயது வந்தோர் இசைவுடன் தனிமையில் கொள்ளும் உறவைக் குற்றமாக்கும் அளவில் பிரிவு 377 செல்லாது எனத் தீர்ப்பளித்தது. அதன் பின்னரும், 2012இல் தில்லியில் நடைபெற்ற குப்தாவின் கண்காட்சி ஒன்று, புகாரையடுத்துக் காவல்துறை வந்ததால் மூடப்பட்டது. 2013 டிசம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பை நீக்கியது. 2018 செப்டம்பர் 6 அன்றுதான் ஐந்து நீதிபதிகள் அமர்வு இசைவான உறவைக் குற்றநீக்கம் செய்தது.

இக்கால வரிசை ஆவணமாக்கத்திற்கு ஒரு கடும் பாடத்தைத் தருகிறது. 2009க்குப் பின் துணிந்து முகம் காட்டியோர், 2013இல் மீண்டும் அச்சட்டத்தின் நிழலுக்குள் தள்ளப்பட்டனர். தீர்ப்பைத் திரும்பப் பெறலாம். பரவிய படத்தைத் திரும்பப் பெற இயலாது. எனவே படமெடுக்கும் நாளில் பெற்ற இசைவு எல்லாக் காலத்திற்கும் போதுமானது எனக் கொள்ளுதல் பொருந்தாது.

முகம் காட்டும் வாய்ப்பு வர்க்கத்தையும் சார்ந்தது. தனி வருவாயும் ஆங்கிலக் கல்வியும் உடையவர் தாங்கக்கூடிய இழப்பை, கூட்டுக் குடும்பத்தில் வாழும் ஏழை தாங்க இயலாது. இவ்விடைவெளியைப் பேசுபவர் குப்தாவுடன் இணைந்து பணியாற்றும் சரண் சிங். எச்ஐவி தடுப்புப் பணிகளில் ஈடுபட்டிருந்த இவர், ‘கோத்திஸ், ஹிஜ்ராஸ், கிரியாஸ் அண்ட் அதர்ஸ்’ என்னும் தொடரில், நலத்திட்ட அறிக்கைகள் நோய்ப்பரவலின் வகைப்பாடாக மட்டும் குறித்தோரைத் தாம் விரும்பிய தோற்றத்தில் நிற்பவராகப் படமாக்கினார். இருவரும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட ‘டெல்லி: கம்யூனிட்டீஸ் ஆஃப் பிலாங்கிங்’ நூல், பல்வேறு பின்னணியினரின் படங்களையும் வாழ்க்கைக் கூற்றுகளையும் ஒருங்கே வைக்கிறது.

தமிழ்ச் சூழலுக்கான பொருத்தம்

தமிழகத்தில் இச்சிக்கல் வேறு வடிவில் உள்ளது. சித்திரை முழுநிலவையொட்டிக் கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் நடைபெறும் கூத்தாண்டவர் திருவிழாவில் திருநங்கையர் ஆண்டுதோறும் மிகுதியாகப் படமெடுக்கப்படுகின்றனர். தாலி கட்டுதலும் தாலி அறுத்துப் புலம்புதலும் பெருங்காட்சிகளாகப் பரவுகின்றன. அவர்தம் அன்றாட வாழ்வு அந்த அளவிற்குக் காட்சியாவதில்லை. திருநங்கையர் எழுத்தில் இக்குறை ஓரளவு நீங்கியது. ரேவதியின் ‘உணர்வும் உருவமும்’ (2005), லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ (2007) ஆகியன தம் கதையைத் தாமே சொல்லும் உரிமையை நிலைநாட்டின. தன்பாலீர்ப்பு ஆண்களோ பெரிதும் காணப்படாதவராகவே உள்ளனர். ஒரு சாரார்க்கு மிகைக்காட்சி, மறுசாரார்க்குக் காட்சியின்மை. இரண்டிலும் முடிவு செய்பவர் பிறரே.

மொழியிலும் இவ்வுரிமை சார்ந்த மாற்றம் நிகழ்ந்துள்ளது. தன்பாலீர்ப்புடைய இரு பெண்களின் பாதுகாப்பு மனுவில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த ஆணை, இச்சமூகத்தினர்மீதான காவல்துறைத் துன்புறுத்தலைத் தடுக்க வழிகாட்டியது. அவ்வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழக அரசு 2022இல் மதிப்புடைய கலைச்சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. ‘பால்புதுமையர்’ போன்ற சொற்கள் ஆய்வுலகில் இன்று நிலைபெறுவதற்கு இது துணைசெய்கிறது.

சொல் கிடைத்தபின் படம் எவ்வாறு அமையும் என்பது அடுத்த வினா. பெருநகரில் ஒருவர் கூட்டத்தில் கரைந்துவிடலாம். ஸ்ரீரங்கத்தின் உத்தர வீதி, சித்திரை வீதி போன்ற, குடும்பங்கள் தலைமுறைகளாக ஒன்றையொன்று அறிந்த தெருக்களில், முகம் இல்லாத படத்திலும் ஒரு வீட்டு வாயிலே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். வேம்பு பாண்டியனைக் காட்டியது போன்றதே இது. எனவே முகத்தை மங்கலாக்கினால் பாதுகாப்பு உறுதியாகிவிடும் என்னும் எண்ணம் சிற்றூர்க் களப்பணியில் பொருந்தாது.

முடிவுரை

சுனில் குப்தாவின் தில்லித் தொடர்கள் ஒரே நகரத்தின் இருவேறு காலங்களைப் பதிவு செய்கின்றன. முதல் தொடரின் மறைந்த முகங்களைக் கோழைமை என்றோ, பிந்தைய தொடரின் வெளிப்பட்ட முகங்களை விடுதலையின் நிறைவு என்றோ கொள்ள இயலாது. இரண்டிலும் படத்தில் நிற்பவரின் இசைவே வடிவத்தைத் தீர்மானித்தது. அதனாலேயே அவை ஆவணமாகும் தகுதி பெறுகின்றன.

தமிழ்ச் சூழலில் இத்தகைய ஆவணங்களை உருவாக்குவோரும் அவற்றை ஆய்வுத் தரவாகக் கொள்வோரும் மூன்று நெறிகளைக் கருதவேண்டும். இசைவை ஒருமுறை பெறுவதோடு நில்லாமல், ஒவ்வொரு வெளியீட்டின்போதும் மீண்டும் பெறுதல். முகத்தோடு இடம், உடைமை ஆகிய அடையாளக் குறிப்புகளையும் படத்தில் நிற்பவருடன் சேர்ந்து ஆராய்தல். படத்துடன் அவருடைய சொல்லுக்கும் இடமளித்தல். பெயர் சுட்டாமையை அன்பின் நாகரிகமாகப் போற்றியது தமிழ் மரபு. தம் பெயரைத் தாமே சுட்டிக்கொள்ள விழைவோர்க்கும், சுட்டாதிருக்க விழைவோர்க்கும் அவ்வுரிமையை ஒருசேரக் காப்பது இன்றைய ஆய்வாளரின் கடமையாகும்.