பீரங்கியை எதிர்நோக்கிய கூரை: சென்னைக் கோட்டையின் புனித மரியாள் ஆலயம்

திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பற்றிப் பேசும்போது ஹைதர் அலியின் பெயரைத் தவிர்க்க இயலாது. 1755இல் மைசூர் அரசின் ஃபவுஜ்தாராக இவ்வூருக்கு வந்த அவர், பிரெஞ்சுக்காரரின் துணையோடு இங்கே ஓர் ஆயுதச்சாலையை நிறுவினார். 1769இல் அவருடைய படை சென்னையின் வாயில்வரை சென்று ஆங்கிலேயரை உடன்படிக்கைக்கு இணங்கச் செய்தது. அன்று ஆங்கிலேயர் பதுங்கியிருந்த புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு வணக்கத்தலம் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஹைதர் திண்டுக்கல்லில் கால்வைப்பதற்கு எழுபத்தைந்து ஆண்டுகள் முன்பே, பீரங்கிக் குண்டை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது அது.

இங்கிலாந்தின் ஊர்த் தேவாலயங்களுக்கென ஒரு பொதுவான அமைப்பு உண்டு. கிழக்கு மேற்காக நீளும் நடுக்கூடம், அதன் இருபுறமும் தூண்வரிசையால் பிரிக்கப்பட்ட பக்கக்கூடங்கள், கிழக்கு முனையில் பலிபீடம், மேற்கில் மணிக்கோபுரம், மேலே மரச்சட்டங்கள் தாங்கும் சரிவுக் கூரை. அந்நாட்டின் மழைக்கும் பனிக்கும் ஓக் மரத்தின் வளத்திற்கும் ஏற்ப உருவான அமைப்பு இது.

ஆளுநர் ஸ்ட்ரெய்ன்ஷம் மாஸ்டரின் முயற்சியால், கோட்டைவாழ் ஆங்கிலேயர் திரட்டிய நன்கொடையைக் கொண்டு 1678 மார்ச் 25 அன்று சென்னையில் பணி தொடங்கியது. 1680 அக்டோபர் 28இல் ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது. இந்தியாவில் நிலைத்திருக்கும் ஆங்கிலிகன் தேவாலயங்களுள் இதுவே பழமையானது. மேற்குக் கோபுரம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் சேர்ந்தது.

தரையமைப்பில் இது ஆங்கிலேய ஊர்க்கோயிலேதான். மாற்றம் கூரையில் இருக்கிறது. மரச்சட்டங்களுக்கு மாறாக, செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு மூன்று கூடங்களின் மீதும் அரைவட்ட வளைவுக் கூரைகள் எழுப்பப்பட்டன. அவற்றின் கனம் ஏறத்தாழ இரண்டு அடி. புறச்சுவர்களின் கனம் நான்கு அடி. வளைவுக் கூரை தன் பாரத்தைக் கீழ்நோக்கி இறக்குவதோடு, சுவர்களை வெளிப்புறமாகவும் தள்ளும். நடுக்கூரையின் அத்தள்ளுதலைப் பக்கக்கூரைகள் எதிர்த்து நிற்கின்றன. பக்கக்கூரைகளின் தள்ளுதலைத் தடித்த புறச்சுவர்கள் தாங்கிக்கொள்கின்றன. குண்டு விழுந்தால் அதிர்ச்சியை இந்தக் கனமே உள்வாங்கும். கூரையில் மரம் இல்லாமையால் தீக்கும் கறையானுக்கும் அங்கே இடமில்லை.

1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது இக்கட்டடம் தாக்குப்பிடித்தது. ஆனால் கோட்டைக்கு வெளியிலிருந்த ஆங்கிலேயரின் பழைய கல்லறைகள் எதிரிக்கு மறைவிடமாகப் பயன்பட்டன. எனவே பின்னர் அவை அகற்றப்பட்டு, எழுத்துப் பொறித்த கற்கள் ஆலய முற்றத்தில் பதிக்கப்பட்டன. 1782இல், ஹைதருடனான போரின்போது, அவற்றுள் சிலவற்றைப் பெயர்த்தெடுத்துக் கொத்தளங்களில் பீரங்கி மேடைகளுக்கு இட்டனர். திண்டுக்கல்லில் வளர்ந்த பீரங்கிப் படைமீதான அச்சம், சென்னையில் இறந்தோரின் நினைவுக்கற்களையும் விட்டுவைக்கவில்லை.

இதோடு நம் கடற்கரைப் பள்ளிவாசல்களை ஒப்பிடுவது பயன் தரும். கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் பழைய பள்ளிகளில் கல்தூண்களும் கல் உத்தரங்களும் தட்டையான கூரையும் காணப்படுகின்றன. அவை தமிழகத்துக் கல்தச்சரின் மரபு. அரபுநாட்டுப் பள்ளிகளின் தோற்றத்தை அவை பெயர்த்துவரவில்லை. கிப்லாவின் திசையும் தொழுகை அணி நிற்பதற்கான பரப்புமே மாறாமல் காக்கப்பட்டன. ஆங்கிலேயரும் கிழக்கு நோக்கிய பலிபீடத்தையும் கூடங்களின் ஒழுங்கையும் காத்துக்கொண்டு, ஏனையவற்றை இம்மண்ணின் செங்கல்லுக்கும் காலத்தின் அச்சத்திற்கும் விட்டுக்கொடுத்தனர். வணக்கத்தலம் ஒன்றில் மார்க்கம் நிர்ணயிப்பது எது, மண்ணும் சூழலும் நிர்ணயிப்பது எது என்று பிரித்தறிய இந்த ஒப்பீடு உதவுகிறது. பழைய பள்ளிகளைப் புதுப்பிக்க முனைவோர்க்கு இவ்வறிவு இன்றியமையாதது. குவிமாடமும் உயர்ந்த மினாராவும் இல்லையென்பதற்காக ஒரு கல்மண்டபப் பள்ளியை இடித்துவிட்டால், மார்க்கத்திற்குப் புதிதாக எதுவும் சேர்வதில்லை. இம்மண்ணில் நம் முன்னோர் வேரூன்றி வாழ்ந்ததற்கான சான்றே அழிந்துபோகிறது.

திருக்குர்ஆனின் 22ஆம் அத்தியாயம் 40ஆம் வசனம், இறைவனின் பெயர் நினைவுகூரப்படும் இடங்களைக் குறிப்பிடுகையில் மடங்களையும் கிறிஸ்தவ ஆலயங்களையும் யூத ஆலயங்களையும் பள்ளிவாசல்களோடு சேர்த்தே சொல்கிறது. அவை இடிக்கப்படாமல் காக்கப்படுவதை இறையருளாகக் காட்டுகிறது. சுவர்களை நான்கு அடி தடிப்பாக்கித் தன்னைக் காத்துக்கொள்ள நேர்ந்த ஓர் ஆலயத்தின் முன் நிற்கும்போது, அவ்வசனத்தின் பொருள் நமக்கு இன்னும் தெளிவாகிறது.