விடுப்பிலும் தொடரும் கடமை

கொல்கத்தாவில், மூத்தோர் இன்றும் டல்ஹௌசி சதுக்கம் என்றே வழங்கும் பி.பி.டி. பாகில், செந்நிறத்தில் நீண்டு நிற்கிறது ரைட்டர்ஸ் பில்டிங். கிழக்கிந்தியக் கம்பெனியின் இளநிலை எழுத்தர்களுக்கென 18ஆம் நூற்றாண்டில் எழுந்த கட்டடம் அது. அந்நாளில் ஊதியம் சொற்பம். ஆதலால் கம்பெனி ஊழியர் பலர் தம் கணக்கில் தனி வணிகம் நடத்திப் பொருள் சேர்த்தனர். 1786இல் தலைமை ஆளுநராக வந்த காரன்வாலிஸ் அதனைத் தடுத்தார். தடையோடு நில்லாமல், மாவட்டக் கலெக்டருக்கு மாதம் 1,500 ரூபாய் ஊதியமும் வரி வசூலில் 1 விழுக்காடும் வழங்கினார். பொதுப்பணியும் சொந்த வருவாயும் ஒரே கையில் கலத்தலாகாது என்னும் அந்நெறி இன்றும் நிலைத்துள்ளது.

அண்மையில் மத்திய அரசு ஊழியர் ஒருவர் எம் கிளைக்கு வந்து நடப்புக் கணக்குத் தொடங்க விரும்பினார். ஒரு மாத ஈட்டிய விடுப்பில், வணிகர் சிலருக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துக் கட்டணம் பெறுவது அவர் திட்டம். "விடுப்பு என் சொந்த நேரம்தானே, ஐயா?" என்று வினவினார்.

நேரம் அவருடையதே, ஆயினும் விடுப்பு நாள்களுக்கும் ஊதியம் உண்டு, பணித்தொடர்பும் அறுவதில்லை. 1972ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி விடுப்பு விதிகளில் 13ஆம் விதி, விடுப்பிலிருப்பவர் முன் அனுமதியின்றி வேறு வேலை ஏற்பதைத் தடுக்கிறது; கணக்காளர், ஆலோசகர், வழக்கறிஞர், மருத்துவர் எனத் தனித்தொழில் நடத்துவதும் அதில் அடங்கும். 1964ஆம் ஆண்டின் நடத்தை விதிகளில் 15ஆம் விதியும் இதனையே வலியுறுத்துகிறது.

எல்லாம் தடையன்று. ஊதியமற்ற சமூகத் தொண்டு, எப்போதாவது செய்யும் இலக்கிய, கலை, அறிவியல் பணி, தொழில்முறையல்லாத விளையாட்டு ஆகியவற்றுக்கு, அலுவலகக் கடமைக்கு ஊறு நேராதவரை, முன் அனுமதி வேண்டுவதில்லை. மனைவி பெயரில் காப்பீட்டு முகவாண்மை இருப்பின் அதனை அலுவலகத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். அதற்காக ஊழியர் ஆள் சேர்ப்பது விதிமீறல். பள்ளி ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்துவதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் விலக்குகிறது. மாநில அரசு ஊழியர்க்கு அந்தந்த மாநில விதிகள் பொருந்தும். வங்கி அலுவலராகிய நாங்களும் இத்தகைய விதிகளுக்கு உட்பட்டவர்களே.

அந்த ஊழியர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காகவே இம்முயற்சி என்று பின்னரே கூறினார். தொழில் வருவாய் வருமான வரிப் பதிவுகளில் தோன்றும். ஒழுங்கு நடவடிக்கை வந்தால் நெடுநாள் பணியே கேள்விக்குள்ளாகும் என்று எடுத்துரைத்தோம். கல்விக் கடனின் வட்டியையும் தவணையையும் கணக்கிட்டுக் காட்டினோம். கடன் சுமைதான், எனினும் அது ஓய்வூதியத்தைப் பணயம் வைப்பதில்லை.

கடன் விண்ணப்பத்துடன், தம் அலுவலகத்திற்கு அனுமதி கோரும் மடல் ஒன்றையும் எழுதிக்கொண்டு அவர் விடைபெற்றார். வாடிக்கையாளர்க்கு எம் வேண்டுகோளும் அதுவே: முதலில் எழுத்து வடிவில் கேளுங்கள், அனுமதியும் எழுத்து வடிவில் கிடைத்தபின் தொடங்குங்கள்.