வயிற்றுக் கொழுப்பு சிறுநீரகத்துக்கு அனுப்பும் சேதி

மன்னார்த் தீவில் சிறுநீரக வருத்தம் என்றதும் பேச்சு தண்ணீருக்குத்தான் போகும். தோட்டவெளி போன்ற மணற்பாங்கான ஊர்களில் நன்னீர் என்பது நிலத்தடியில் உவர்நீரின் மேல் தங்கியிருக்கும் மெல்லிய படை. கூடுதலாக இறைத்தால் கிணறு உவர்க்கும். பக்கத்து அநுராதபுர மாவட்டத்தில் 1990கள் முதல் விவசாயிகளை வாட்டும், காரணம் இன்னும் தெளிவாகாத சிறுநீரக நோயும் பயத்தைக் கூட்டியிருக்கிறது. அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் அந்த நோய் பெரும்பாலும் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைத்தான் தாக்குகிறது. வடிகட்டியையே பழுதாக்கும் இன்னொரு கேடு நம் இடுப்பிலிருந்து புறப்படுகிறது. அதைப்பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு.

கொழுப்பைச் சும்மா கிடக்கும் சேமிப்பு என்றே மருத்துவமும் நெடுங்காலம் நினைத்திருந்தது. 1994இல் நியூயோர்க்கின் றொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி பிரீட்மனின் குழு லெப்ரினுக்கான மரபணுவைக் கண்டறிந்ததும் அந்த எண்ணம் உடைந்தது. அடுத்த ஆண்டே அடிப்போனெக்ரின் பற்றிய செய்தி வந்தது. இரண்டும் கொழுப்புக் கலங்கள் குருதியில் விடும் ஓமோன்கள். உடல் பருக்கும்போது பொதுவாக லெப்ரின் கூடும், அடிப்போனெக்ரின் குறையும்.

ஒரு சிறுநீரகத்தில் சராசரியாக 10 இலட்சம் கலன்கோளங்கள், அதாவது மயிர்க்குழாய்களாலான நுண்ணிய வடிகட்டிகள், இருக்கின்றன. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லீற்றர் வடிக்கின்றன. ஒரு கலன்கோளத்தை நுணுக்குக்காட்டியில் உற்றுப் பார்த்தால், மயிர்க்குழாயின் உட்சுவரில் அகவணிக் கலங்கள் படிந்திருக்கும். குழாய்களுக்கு நடுவே நின்று அவற்றைத் தாங்குபவை மெசாஞ்சியக் கலங்கள். வெளிப்புறத்தில் பாதக்கலங்கள் தம் மெல்லிய பாதங்களை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கும். அந்தப் பாதங்களின் இடைவெளியால் நீர் வடியும், அல்புமின் என்ற புரதம் குருதியிலேயே தங்கும். இந்த மூன்று வகைக் கலங்களும் ஓயாமல் ஒன்றுக்கொன்று இரசாயனச் சேதி அனுப்பிக்கொண்டே வேலை செய்கின்றன. கொழுப்பின் ஓமோன்கள் குறுக்கிடுவது இந்தப் பேச்சில்தான்.

குந்தர் வோல்ப், புவாட் சியாடே ஆகியோரின் குழு 1999இலும் அதையடுத்தும் வெளியிட்ட ஆய்வுகள் இதைத் துலக்கின. லெப்ரின் பட்டதும் அகவணிக் கலம் ரி.ஜி.எப்-பீற்றா என்ற சேதிப் புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கிறது. அதே லெப்ரின், மெசாஞ்சியக் கலத்தில் அந்தச் சேதியை வாங்கும் ஏற்பிகளையும் பெருக்குகிறது. ஒரு வீட்டில் வானொலியை உரக்க வைக்க, அடுத்த வீட்டில் யன்னல்களையும் அகலத் திறந்துவிட்டதுபோல ஆகிவிடுகிறது. கேட்ட கலம் கொலாஜனை உண்டாக்கிக் குவிக்கிறது. வடிகட்டி மெல்லத் தழும்பாகிறது. லெப்ரினை 3 வாரம் ஏற்றிய எலிகளில் தழும்பும் தோன்றியது, சிறுநீரில் புரதமும் போனது. லெப்ரினைக் குருதியிலிருந்து அகற்றுவதிலும் சிறுநீரகத்துக்கே பெரும் பங்கு. அது தளர்ந்தால் லெப்ரின் இன்னும் தேங்கும்.

அடிப்போனெக்ரின் இதற்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. 2008இல் குமார் சர்மாவின் குழு, இந்த ஓமோனே இல்லாத எலிகளில் பாதக்கலங்களின் பாதங்கள் தட்டையாகி ஒன்றிப்போய் அல்புமின் ஒழுகுவதைக் காட்டியது. ஓமோனைத் திரும்பக் கொடுத்தபோது பாதங்கள் தேறின, ஒழுக்கும் குறைந்தது. இந்த ஆய்வுகளிலேயே எனக்குப் பெரிய நம்பிக்கை தருவது இதுதான். தொடக்கநிலைச் சேதம் மீளக்கூடியது. மனிதரிலும், எடை குறையும்போது சிறுநீரில் போகும் புரதம் குறைவதை மருத்துவர்கள் காண்கிறார்கள்.

“நான் ஒல்லிதானே” என்று தெற்காசியர் இருந்துவிட முடியாது. கைகால் மெலிந்தும் வண்டி மட்டும் முன்தள்ளியும் இருக்கும் உடல்வாகு நம்மிடையே அதிகம்; அடிப்போனெக்ரினும் ஐரோப்பியரைவிட நம்மில் குறைவு. இதனால்தான் 2004இல் உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு, உடல் திணிவுச் சுட்டி 23ஐத் தொட்டாலே ஆசியர் கவனிக்க வேண்டும் என்றது. இடுப்புச் சுற்றளவில் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 என்பது எல்லை.

வலியோ வீக்கமோ இல்லாமலே அல்புமின் ஒழுகத் தொடங்கும். சிறுநீரில் நனைக்கும் சோதனைத் துண்டில் புரதத்துக்கான கட்டம் மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறினால் ஒழுக்கு ஏற்கெனவே கணிசமானது என்று பொருள். சிற்றளவு ஒழுக்கை அந்தத் துண்டு தவறவிடும். அதைப் பிடிப்பது சிறுநீரில் அல்புமினுக்கும் கிரியற்றினினுக்கும் உள்ள விகிதத்தை அளக்கும் பரிசோதனை. நீரிழிவோ உயர் குருதி அமுக்கமோ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது இதை வைத்தியரிடம் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.