விண்ணில் எழும் மின் தீ

தரையில் ஓடும் வண்டியில் தீப்பற்றினால், அதனை நிறுத்திவிட்டு இறங்கி ஓடலாம். வானிற் பறக்கும் சிறு விமானத்திலோ அதற்கு வழியில்லை. ஆதலின், மின்சாரத்தால் எழும் தீ விமானிகள் பெரிதும் அஞ்சும் இடர்களுள் ஒன்றாகும்.

அத்தீ எவ்வாறு எழுகின்றது? விமானத்தின் கருவிப் பலகைக்குப் பின்னே மின்கம்பிகள் கற்றை கற்றையாகச் செல்கின்றன. ஒவ்வொரு கம்பியின் மேலும் மின்சாரம் கடவாத உறை ஒன்று உண்டு. எஞ்சின் ஓடுங்கால் விமானம் இடைவிடாது அதிர்கின்றது. அவ்வதிர்ச்சியால் கம்பி உலோக விளிம்பில் உராய்ந்து, நாளடைவில் உறை தேய்ந்துபோகிறது. உள்ளிருக்கும் கம்பி உலோகத்தைத் தொட்டவுடன், மின்சாரம் குறுக்கு வழியிற் பாய்ந்து பொறி பறக்கின்றது. தளர்ந்த இணைப்புகளிலும் வெப்பம் மிகுந்து தீ உண்டாகலாம்.

இத்தீங்கைத் தடுக்கவே, மின்னோட்டம் அளவு கடந்தால் அதனைத் தாமே துண்டிக்கும் விசைகள் அமைக்கப்பட்டுள்ளன. விசை துண்டித்துக்கொண்டால் அஃது ஓர் எச்சரிக்கை. காரணம் அறியாமல் அதனை மீண்டும் அழுத்துவது, நீறு பூத்த நெருப்பை ஊதி எழுப்புவது போலாகும்.

அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த விபத்தொன்று இவ்வுண்மையை நன்கு விளக்கும். 2007ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள், செஸ்னா 310 வகை விமானம் ஒன்றை ஓட்டிய விமானி கருகல் நாற்றத்தை உணர்ந்தார். வானிலை ரேடாருக்குரிய விசையை இழுத்து மின்சாரத்தைத் துண்டித்தார், நாற்றம் நின்றது. அக்குறையை எழுதியும் வைத்தார். ஆயினும் எவரும் அதனைச் சீர்செய்யவில்லை. மறுநாள் அவ்விமானம் வேறு இருவருடன் புளோரிடா மாநிலத்தில் வானில் எழும்பியது. சிறிது நேரத்தில் உள்ளே புகை சூழ்ந்தது. அவர்கள் அருகிலிருந்த சான்போர்டு விமான நிலையத்தை நோக்கி விரைந்தனர். அதனை அடையுமுன் விமானம் குடியிருப்புப் பகுதியில் வீழ்ந்தது. விமானத்தில் இருந்த இருவரும் தரையில் இருந்த மூவரும் மாண்டனர். இழுத்து வைத்த விசை மீண்டும் அழுத்தப்பட்டிருக்கக்கூடும் என்று ஆய்வாளர் கருதினர். குறை இருப்பது தெரிந்தும் விமானத்தைப் பறக்கவிட்டதே விபத்துக்குக் காரணம் என்று அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு கூறியது.

வானில் புகை தோன்றினால் விமானி முதலில் தலைமை மின்விசையை அணைத்தல் வேண்டும். அதனால் எஞ்சின் நின்றுவிடாதோ எனச் சிலர் ஐயுறலாம். பெரும்பாலான சிறு விமானங்களில் எஞ்சினுக்கு வேண்டிய தீப்பொறியை மாக்னெட்டோ என்னும் தனிக்கருவி தருகின்றது. ஆதலின் எஞ்சின் தொடர்ந்து ஓடும். பின்னர் தீயணைப்பானைக் கொண்டு தீயை அவித்து, கூடிய விரைவில் தரையிறங்குதல் வேண்டும்.

எனினும், விண்ணில் எழும் தீயை அணைப்பதினும் மண்ணில் இருக்கும்போதே அதன் காரணத்தை நீக்குவது எளிது. நெருப்பில்லாமல் புகையாது என்பது பழமொழி. கருகல் நாற்றத்தைச் சிறிதென்று எண்ணி இகழாது, உடனே ஆராய்ந்து குறை தீர்ப்பதே உயிர் காக்கும் வழியாகும்.