களிப்பாறையில் அடைபட்ட வாயு: மாணவர்க்கு விளக்கும் முறை

நிலக்கரி, பெட்ரோலியம் ஆகியவற்றைப் போலவே எரிவாயுவும், பண்டைக் காலத்து உயிர்ப்பொருள்கள் மண்ணிற் புதைந்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறியதால் உண்டானதாகும். பெரும்பாலும் அது தான் பிறந்த பாறையை விட்டுக் கசிந்து, நுண்துளைகள் நிறைந்த மணற்பாறையிற் சென்று தங்கும். ஆனால் ஷேல் எனப்படும் களிப்பாறையில் பிறந்த வாயுவில் ஒரு பகுதி, வெளியேற வழியின்றி அப்பாறையிலேயே அடைபட்டுக் கிடக்கிறது. இதுவே ஷேல் வாயு.

இந்த வேறுபாட்டை விளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. ஒரு சுண்ணக்கட்டியின் மீதும், பழைய கற்பலகை ஒன்றின் மீதும் ஒவ்வொரு துளி நீர் விடுக. சுண்ணக்கட்டி நீரை உடனே உறிஞ்சிவிடும்; கற்பலகையில் துளி அப்படியே நிற்கும். கற்பலகை, களிப்பாறையே மேலும் இறுகி மாறிய கல் என்பதை ஆசிரியர் அப்போது எடுத்துரைக்கலாம்.

இறுகிய பாறையிலிருந்து வாயுவை எடுக்க, முதலில் நிலத்தினுள் ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஆழத்திற்கோ அதற்கு மேலுமோ துளையிட்டு, பின்னர் துளையைப் பக்கவாட்டில் திருப்புவர். மணலும் சிறிதளவு ரசாயனப் பொருள்களும் கலந்த நீரை மிகுந்த அழுத்தத்துடன் செலுத்தும்போது பாறை வெடிக்கிறது. வெடிப்புகள் மீண்டும் மூடிக்கொள்ளாதபடி மணல் தாங்கிப் பிடிக்க, வாயு வெளிவருகிறது. கெட்டியாக உறைந்த ஜெலாட்டின் கூழினுள், ஊசியற்ற பீச்சுகுழலால் வண்ணநீரைச் செலுத்தினால், வெடிப்பு பரவுவதை மாணவர் கண்ணாரக் காண்பர்.

இந்தியாவில், மேற்கு வங்காளத்தின் துர்காப்பூரை அடுத்த இச்சாப்பூரில், எண்ணெய் இயற்கை எரிவாயுக் கழகம் தோண்டிய கிணற்றில் 2011 ஜனவரியில் ஷேல் வாயு வெளிப்பட்டது. 2013 அக்டோபரில் மத்திய அரசு இதற்கான கொள்கையை வெளியிட்டது. நாட்டிற்குத் தேவையான இயற்கை வாயுவில் ஏறத்தாழப் பாதி இறக்குமதியாவதும், எரிக்கும்போது நிலக்கரியைவிட வாயு ஏறக்குறைய பாதியளவே கரியமில வாயுவை வெளியிடுவதும் இதன் நன்மையைக் காட்டும்.

தீமைகளை நான்காகப் பகுத்துக் கூறலாம். முதலாவது நீர்ச்செலவு: ஒரு கிணற்றுக்கு ஒரு கோடி லிட்டருக்கும் மேல் தேவைப்படலாம். இரண்டாவது கழிவுநீர்: மேலே திரும்பி வரும் நீரில் மிகுந்த உப்பும் ரசாயனங்களும் இருக்கும். ஆழத்து வெடிப்புகள் குடிநீர் ஊற்றுவரை எட்டுவது அரிது. கிணற்றின் குழாய்ச் சுவர் பழுதுபடுவதும், மேற்பரப்பில் கழிவு சிந்துவதுமே பெரும் அபாயம். மூன்றாவது மீதேன் கசிவு: முதல் இருபது ஆண்டுகளில் மீதேன் கரியமில வாயுவைவிட எண்பது மடங்கு வெப்பத்தைத் தேக்கும். ஆகவே, கசிவு மிகுந்தால் முன்னர்க் கூறிய நன்மை அழியும். நான்காவது நிலநடுக்கம்: அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 2016-ல் 5.8 அளவுள்ள அதிர்ச்சி நேர்ந்தது. கிணறுகளின் கழிவுநீரை ஆழத்தில் செலுத்தியதே அதற்குக் காரணமென அறிஞர் கருதுகின்றனர்.

காவிரிப் படுகையில் இக்கேள்வி உழவரின் வாழ்வோடு பிணைந்ததாகும். 2020-ல் தமிழ்நாடு சட்டமன்றம் இயற்றிய சட்டம், பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் ஷேல் வாயு உள்ளிட்ட புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடை செய்தது.

டோம்பிவிலியில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர், ஊரின் கருங்கல்லைக் காட்டித் தொடங்கலாம். அது எரிமலைக் குழம்பு உறைந்த பாறை. அதில் உயிர்ப்பொருள் புதையவில்லை, ஆதலால் வாயுவும் பிறக்கவில்லை. ஆயினும் பாடம் அயலானதன்று. குடியிருப்பை அடுத்த தொழிற்பேட்டையில் 2016 மே மாதத்திலும் 2024 மே மாதத்திலும் நிகழ்ந்த வெடிவிபத்துகளை இவ்வூரார் அறிவர். தொழில் தரும் பயனும் அயலார்க்கு அதனால் நேரும் ஆபத்தும் இங்குள்ளோர் நன்கு உணர்ந்தவை.

ஆசிரியர் தம் முடிவை மாணவர்மீது திணித்தல் ஆகாது. நீர் எங்கிருந்து வரும், கழிவு எங்கே போகும், குழாயைச் சோதிப்பவர் யார், கிணறு வற்றியபின் அதைக் காப்பவர் யார் என்னும் நான்கு வினாக்களைக் கரும்பலகையில் எழுதி, விடை தேடச் செய்வதே போதும். எத்தொழிலைப் பற்றியும் இவ்வினாக்களைக் கேட்கப் பழகிய மாணவன், நாளை நல்ல குடிமகனாவான்.