செங்கோட்டை மலைப் பாதையில் டீசல் கார்: ஏற்றத்தில் கியர், இருட்டில் விளக்கு

திருவனந்தபுரத்தில் பிழைக்க வந்த தமிழர்களுக்கு ஊருக்குச் செல்ல முக்கியமாக இரண்டு சாலைகள் உண்டு. ஒன்று நாகர்கோவில் சாலை. மற்றொன்று நெடுமங்காடு, பாலோடு, மடத்தறை, குளத்துப்புழை, தென்மலை, ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டை செல்லும் மலைப் பாதை. தென்காசி, கடையநல்லூர் பக்கத்தவர்களுக்கு இதுவே அருகு. 1956 நவம்பர் 1-ந் தேதி செங்கோட்டை தமிழகத்தோடு சேரும் வரை இரு ஊர்களும் ஒரே ராஜ்யத்தில்தான் இருந்தன.

பஸ்ஸில் சென்று வந்தவர்களில் பலர் இன்று சொந்தக் கார் வைத்திருக்கிறார்கள். சாலை பஜார் கடைச் சிப்பந்தியும், ஆபீஸ் குமாஸ்தாவும் கைமாறி வந்த டீசல் கார் ஒன்றை வாங்கி, பண்டிகைக்குக் குடும்பத்தோடு புறப்படுகிறார்கள். வேலை முடிந்து மாலையில் கிளம்பினால் தென்மலையை அடையும்போது இருட்டிவிடும். ஊருக்குள் ஓட்டிப் பழகிய கை, அங்கேதான் தடுமாறுகிறது.

டர்போ செய்யும் வேலை

பழைய அம்பாசிடர் டீசல் காரில் டர்போ கிடையாது. பின்னர் வந்த டீசல் கார்கள் பெரும்பாலும் டர்போ பொருத்தியவை. என்ஜினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகமானால் அதிக டீசலை எரிக்கலாம், சக்தியும் கூடும். ஸ்விஸ் என்ஜினீயர் ஆல்பிரட் பூக்கி 1905-ம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். 1978-ல்தான் மெர்சிடஸ் பென்ஸ் கம்பெனி இதை டீசல் காரில் வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது புகையும் குறைவு, டர்போ தூங்கிக்கொண்டிருக்கும். பல கார்களில் நிமிஷத்துக்குச் சுமார் 1,800 சுற்றுகளைத் தாண்டிய பிறகே அது விழித்துக்கொள்கிறது. கொண்டை ஊசி வளைவில் மூன்றாவது கியரிலேயே திரும்பினால், வளைவின் நடுவில் வண்டி மூச்சு வாங்கி நின்றுவிடும். பின்னால் சரக்கு லாரி வந்தால் ஆபத்து. ஆகவே வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு, செங்குத்தாக இருந்தால் முதல் கியருக்கு, மாற்றிவிட வேண்டும். ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் கிளட்சைப் பாதி மிதித்து வண்டியைத் தாங்கக் கூடாது. கை பிரேக் எதற்கு இருக்கிறது?

மலையேறி முடிந்ததும் என்ஜினை உடனே அணைப்பதும் தவறு. டர்போ சக்கரம் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுற்றக்கூடியது. கடும் சூட்டில் இருக்கும். ஒரு நிமிஷம் ஓடவிட்டு அணைத்தால், எண்ணெய் ஓடி அதன் சூடு தணியும்.

இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம்

டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. இது வீண் சிக்கனம். இக்காலத்து என்ஜின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே டீசல் நின்றுவிடும். நியூட்ரலிலோ, என்ஜின் அணையாமல் ஓட டீசல் செலவாகிறது. என்ஜினையே அணைத்தால் இன்னும் மோசம். சில மிதிகளில் பிரேக் பெடல் கல்லாக இறுகிவிடும், ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

வண்டியின் பாரம் முழுவதையும் பிரேக் மட்டுமே தாங்கினால் அது பழுக்கச் சூடாகிப் பிடிப்பை இழக்கும். பிரேக் எண்ணெய் பழசானால் ஈரம் கலந்து, அந்தச் சூட்டில் கொதித்து, மிதித்த கால் வெறுமனே கீழே போகும். ஆரியங்காவு தாண்டிப் புளியரைக்கு இறங்கும் வளைவுகளில் இப்படி நேர்ந்தால் தப்புவது அரிது. ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்பது பழைய டிரைவர்களின் கணக்கு. அது இன்றும் சரி.

விளக்கின் சூட்சுமம்

பல கார்களில் உள்ள சாதாரண ஹாலஜன் பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு: பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். வாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வெளிச்சம் விழும் திசையில்தான். டிம் இழையின் அடியில் சிறு தகட்டு மறைப்பு இருக்கிறது. அது வெளிச்சம் மேலே போகாமல் தடுத்து, சாலையில் விழச் செய்கிறது. கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு எல்.இ.டி. பல்பை அதே இடத்தில் மாட்டினால் இந்தக் கணக்கு கெட்டு, எதிரே வருபவரின் கண் கூசும். அவருக்குச் சாலை தெரியாவிட்டால் ஆபத்து இருவருக்கும்தான்.

பின் சீட்டில் மூவரும், டிக்கி நிறையப் பலகாரமும் இருந்தால் காரின் மூக்கு தூக்கிக்கொள்ளும். டிம் வெளிச்சமும் மேலே ஏறும். இதைச் சரிசெய்யப் பல கார்களில் 0, 1, 2, 3 என்று எண்ணிட்ட சிறு திருகு உண்டு. பாரம் கூடினால் எண்ணைக் கூட்ட வேண்டும், வெளிச்சம் தாழும். பலர் அதை ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

கொண்டை ஊசி வளைவில் விளக்கு நேரே பள்ளத்தைக் காட்டுமே தவிர, திரும்ப வேண்டிய சாலையைக் காட்டாது. எனவே வேகத்தைக் குறைப்பதே வழி. வளைவுக்கு முன் டிம் செய்தால், மறுபுறம் வரும் வண்டியின் ஒளி மரங்களில் தெரியும். மூடுபனியில் பிரைட் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பிக் கண்ணை மறைக்கும். அங்கே டிம்மே கைகொடுக்கும். குறுகலான இடத்தில் இறங்கும் வண்டி ஒதுங்கி, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது 2017-ம் ஆண்டின் ஓட்டுநர் விதி.

புதிதாக ஓட்டுபவர்கள் பகல் வேளையில் பொன்முடி சென்று பழகலாம். கல்லாறு தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள். உச்சி சுமார் 1,100 மீட்டர் உயரம். ஏறி இறங்கினால் இரண்டு பாடமும் கிடைக்கும்.

பண்டிகைக்கு முதல் நாள் புறப்படுமுன் பிரேக் எண்ணெயையும் விளக்கையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. செங்கோட்டையில் காத்திருக்கும் பெற்றோருக்கு அரை மணி தாமதம் பெரிதல்ல. பிள்ளைகள் வாசலில் வந்து இறங்குவதுதான் பெரிது.