ஊர் ஊராகப் பெயர் கேட்டவர்!

குன்றுக்கு ஒரு பெயர். மடுவுக்கு ஒரு பெயர். பண்ணைக்கு ஒரு பெயர். இவற்றைக் கேட்டு எழுதுவதற்காகவே ஒருவர் அயர்லாந்து நாட்டில் ஊர் ஊராக நடந்தார். அவர் பெயர் ஜான் ஓடனோவன். 1806-ல் கில்கென்னிப் பகுதியில் பிறந்தவர். விவசாயி மகன்.

வரிக்காக வந்த படம்

அப்போது அயர்லாந்து ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. வரியைச் சீராக விதிப்பதற்காக, நாடு முழுவதையும் அளக்க 1824-ல் அரசாங்கம் உத்தரவிட்டது. பட்டாளத்தார் வந்து இறங்கினார்கள். தலைமை அதிகாரி தாமஸ் கால்பி. துப்பாக்கி வெடித்து இடது கையை இழந்தவர். ஒற்றைக் கையுடன் இந்த மாபெரும் வேலையை நடத்தினார்!

தரையில் ஒரு மைல் என்றால் படத்தில் 6 அங்குலம். அவ்வளவு பெரிய படம்!

அளந்துவிட்டார்கள். பெயர் எழுதுவதில்தான் சிக்கல் வந்தது. பல பகுதிகளில் மக்கள் பேசியது ஐரிஷ் மொழி. அதிகாரிகளுக்குத் தெரிந்தது ஆங்கிலம். ஒரே ஊரின் பெயர் ஏட்டுக்கு ஏடு வேறு மாதிரி இருந்தது. எது சரி?

அதைத் தீர்க்க, ஐரிஷ் மொழி நன்கு அறிந்த ஓடனோவன் 1830-ல் வேலைக்கு அமர்த்தப்பட்டார்.

கிழவர்களைத் தேடி...

ஒவ்வொரு பங்குக்கும் தனித்தனி நோட்டுப் புத்தகம். அதை எடுத்துக்கொண்டு அவர் அந்தந்த ஊருக்குப் போவார். வயதான குடியானவர்களைத் தேடிப் பிடிப்பார். "இந்த இடத்தை எப்படிச் சொல்லுவீர்கள்?" என்று கேட்பார். அவர்கள் சொன்னதை ஐரிஷ் மொழியில் எழுதுவார். பொருளையும் குறிப்பார்.

'பாலி' என்று தொடங்கினால் அது ஊர். 'நாக்' என்றால் குன்று. 'கில்' என்றால் பெரும்பாலும் மாதா கோவில் போன்ற தேவாலயம். 'டெரி' என்றால் ஓக் மரத்தோப்பு. தலைநகர் டப்ளின் பெயருக்கு என்ன பொருள் தெரியுமா? கரிய மடு!

பஞ்சம் வந்தது

1845-ல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. கொடிய பஞ்சம். சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். இன்னும் 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் கப்பலேறிப் பிற நாடுகளுக்குச் சென்றனர். ஐரிஷ் பேசிய ஏழைகளே அதிகம் அடிபட்டனர். பல ஊர்கள் காலியாயின.

நல்ல வேளை! அதற்குள் ஓடனோவனும் அவருடைய தோழர்களும் பெரும்பாலான இடங்களைச் சுற்றி வந்துவிட்டார்கள். சில ஆண்டுகள் தாமதித்திருந்தால், கேட்டதற்குப் பதில் சொல்ல ஆள் இருந்திருக்காது.

விட்டுப்போனவை

ஆனால் ஒரு குறை. படத்தில் ஆங்கில எழுத்தில்தான் பெயர்களைப் பொறித்தார்கள். ஓசை நின்றது, பொருள் மறைந்தது. சின்னஞ்சிறு பாறை, வயல் இவற்றின் பெயர்கள் ஏறவே இல்லை.

பின்னால் வந்தவர்கள் அந்தக் குறையைத் தீர்க்க முயன்றார்கள். இங்கிலாந்தில் பிறந்த டிம் ராபின்சன் 1972-ல் அரன் தீவில் குடியேறினார். தீவு மக்களிடம் பாறை பாறையாகப் பெயர் கேட்டு, 1975-ல் படம் வெளியிட்டார். மீத் பகுதியில் ஊர்மக்களே வயல் பெயர்களைத் திரட்டினர். அது 2013-ல் நூலாக வந்தது.

ஓடனோவன் 1861-ல் காலமானார். வழிப்பயணத்தில் அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் டப்ளினில் இருக்கின்றன. பெயர் சொன்ன கிழவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் சொன்ன பெயர்கள் போகவில்லை.